வண்ணத்துக்கு முன்னால்: பழைய பைபர் படகை வீட்டிலேயே சீராக்குவது பற்றி

பழைய பைபர் படகு ஒன்றை வீட்டில் வைத்தே பழுது நீக்கி வண்ணம் பூசிவிட முடியுமா? முடியும். ஆனால் எந்தப் படகை, எந்த இடத்தில், எந்த மாதத்தில் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இம்மூன்றையும் கேட்காமல் நேராகப் பெயிண்ட் டப்பாவைத் திறப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் படகு முதல் மழைக்காலம் வரை பளபளக்கும். அடுத்த கோடையில் வண்ணம் செதில் செதிலாக உரியும், அடியில் கொப்புளம் கிளம்பும். பைபரே மோசம் என்ற பேச்சு அதன் பிறகு பிறக்கும். பைபர் மோசமில்லை. அதற்குள் தண்ணீர் எந்த வழியாகப் போயிற்று என்று பார்க்காமல் மேலே பூசியதுதான் மோசம்.

இந்தக் கேள்வியைப் பெங்களூரை அடுத்த சந்தாபுராவிலிருந்து எழுப்புவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். சென்னைக் கடலுக்குச் சாலை வழியே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் ஏரி, அணைக்கட்டு, பண்ணைக்குட்டை என்று படகுக்கு இங்கே வேலை உண்டு. ஆனேக்கல் வட்டத்தின் இந்தப் பகுதியில் படகுக்குத் தேவையான கைகளும் உண்டு. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே ஆகிய தொழிற்பேட்டைகள் சுற்றிலும் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டிக்கும் கூரைத் தகட்டுக்கும் இயந்திர மூடிக்கும் பயன்படும் ரெசினும் கண்ணாடி இழை மேட்டும்தான் படகுக்கும் வேண்டும். கடலோரப் படகுத்தளத்தில் வேலை செய்தவருக்குத் தெரிந்த கைப்பழக்கம், தொட்டிப் பட்டறையில் வேலை செய்பவருக்கும் பெருமளவு தெரியும்.

பெங்களூருக்கு இந்தப் பொருளோடு இன்னும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. தேசிய விண்வெளி ஆய்வகங்கள் என்ற நிறுவனம் 1987இல் கண்ணாடி இழையாலான சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டது. அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் லாங்-ஈசி விமானத்தைத் தழுவியது அது. லாங்-ஈசி, ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்வதற்காக வரையப்பட்ட விமானம். அதன் தொடர்ச்சியாக 1993இல் அதே நிறுவனத்தின் ஹன்சா பயிற்சி விமானம் பறந்தது. அதன் உடலும் கண்ணாடி இழைக் கலப்புப் பொருள்தான். வீட்டில் பைபர் வேலை செய்வதை அரைகுறைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். விமானத்துக்குப் போதுமான நேர்த்தியை வீட்டுக் கொட்டகையில் கொண்டுவர முடிந்திருக்கிறது. அந்த நேர்த்தி கருவியிலிருந்து வரவில்லை. அளவையும் சுத்தத்தையும் வரிசையையும் விடாமல் பிடித்ததால் வந்தது.

கண்ணாடி இழையைத் தொழிற்சாலையில் நூற்பது 1930களில் கைகூடியது. 1940களில் அமெரிக்காவில் அதைக் கொண்டு படகு வார்த்தார்கள். தமிழ் மீனவரிடம் அது வந்து சேர்ந்த வழிகள் பல. இலங்கையின் காரைநகரில் நார்வே உதவியோடு வளர்ந்த சீநோர் படகுத்தளம் முன்னோடிகளில் ஒன்று. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் மணற்கரையில் ஏறி இறங்கத்தக்க படகு வடிவங்களை 1980களில் சோதித்தது. கட்டுமரத்துக்கு மாற்றாகப் பைபர் படகு மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்த வேளையில் 2004 டிசம்பர் 26 வந்தது. சுனாமியில் கட்டுமரமும் வள்ளமும் போன குப்பங்களுக்கு நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். தேவை திடீரெனப் பெருகியதால் கரையோரம் எங்கும் புதுப் பட்டறைகள் முளைத்தன. சில நன்றாகக் கட்டின. சில, மேட்டின் அடுக்கைக் குறைத்தும் ரெசினை மட்டுமீறி ஊற்றியும் படகுகளைத் தள்ளிவிட்டன. தரம் பற்றிய கவலை அப்போதே எழுந்தது. உலக உணவு வேளாண்மை நிறுவனம் கட்டுமான முறை பற்றிப் பயிற்சிக் கையேடுகள் வெளியிட அதுவும் ஒரு காரணம்.

அந்தப் படகுகளுக்கு இப்போது இருபது வயதாகிறது. பழைய படகு விற்பனைக்கு என்று கேள்விப்பட்டு லாரியில் ஏற்றி மேட்டுநிலத்துக்குக் கொண்டுவரும் எவரும் இந்த வயதை மறக்கக் கூடாது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு படகுகள்கூட உள்ளடுக்கில் வேறுபடும். வெளித்தோற்றம் எதையும் சொல்லாது.

பைபர் எப்படி முதுமையடைகிறது என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும். கண்ணாடி இழை கிட்டத்தட்ட அழியாதது. அதைப் பிடித்து வைத்திருக்கும் பாலியெஸ்டர் ரெசினும் வெயிலில் மட்டும் அவ்வளவு எளிதில் வீணாகாது. வெயில் முதலில் தின்பது மேல்தோலான ஜெல்கோட்டை. அது வெளுத்து, கையில் சுண்ணாம்புபோல் ஒட்டும். இது முகத்துச் சுருக்கம் மாதிரிதான், உயிருக்கு ஆபத்தில்லை. தேய்த்து மெருகேற்றினாலோ வண்ணம் பூசினாலோ போய்விடும். உண்மையான பகை தண்ணீர். ஜெல்கோட்டை ஊடுருவி மெதுவாக உள்ளே போகும் ஈரம், சரியாக இறுகாத ரெசினிலிருந்து கரையும் பொருள்களைக் கரைத்துக்கொண்டு புளிப்பான நீராகிறது. அந்த நீர் மேலும் தண்ணீரை இழுக்கிறது. அழுத்தம் கூடி மேல்தோல் கொப்புளிக்கிறது. கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் வாடையுள்ள நீர் தெறிக்கும். கண்ணை மூடிக்கொண்டுதான் குத்த வேண்டும் என்று படகுக்காரர்கள் சொல்வது பயனுள்ள எச்சரிக்கை. கண்ணாடி அணிந்துகொண்டு குத்துவது அதைவிட நல்லது.

கொப்புளத்தைவிடக் கெட்டது கண்ணுக்குத் தெரியாதது. அமரத்தில், எஞ்சின் தொங்கும் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். எஞ்சினை இறுக்கிய போல்ட் துளை வழியாக நீர் கசிந்து அந்தப் பலகை உள்ளேயே மட்கிவிடும். வெளியே பைபர் தோல் முழுதாக இருக்கும், உள்ளே மண்ணாக உதிரும். அந்தப் படகில் எஞ்சினைப் பூட்டி ஓட்டினால் பின்பலகை எஞ்சினோடு பெயர்ந்துவிடலாம். இருக்கைக்கு அடியில் மிதப்புக்காக அடைத்த தெர்மாகோல் அல்லது நுரைப்பொருளுக்கும் இதே கதைதான். அது ஈரம் குடித்தால் படகு கனக்கும், மிதப்பு குறையும். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் நிற்கும் என்ற நம்பிக்கை அந்த நுரையில்தான் இருக்கிறது. அதனால் அதைத் திறந்து பார்க்காமல் படகைத் தண்ணீரில் இறக்குவது தவறு.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். சின்னப் பிளாஸ்டிக் சுத்தியோ, ரூபாய் நாணயமோ போதும். அணியத்திலிருந்து தொடங்கி அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடத்தில் கூர்மையான ஓசை வரும், பிரிந்த இடத்தில் மொத்தென்று கேட்கும். மொத்தென்று கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட வேண்டும். பின்பலகையின் உட்புறத்தில் சிறு துளையிட்டு வரும் தூளைப் பார்க்க வேண்டும். உலர்ந்த வெளிர் தூள் வந்தால் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் பலகை போயிற்று. துளையைப் பிறகு அடைத்துக்கொள்ளலாம். ஏராக்கட்டை, பக்கவாட்டு மடிப்பு, இருக்கை பொருந்தும் முனை ஆகியவற்றில் விரிசல் எப்படி ஓடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நட்சத்திரம்போல் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பினால் எதுவோ மோதியிருக்கிறது. இணையான கோடுகளாக ஓடினால் அந்த இடம் அலையில் வளைந்து வளைந்து ஓய்ந்திருக்கிறது. முதலாவது பழுது, இரண்டாவது கட்டுமானக் குறை. கட்டுமானக் குறையைப் பட்டி பார்த்து மறைக்க முடியாது. உள்ளே அடுக்கு சேர்த்துப் பலப்படுத்த வேண்டும்.

எந்தப் படகை விட்டுவிடலாம்? பின்பலகை மட்டும் மட்கியிருந்தால் தயங்க வேண்டாம், அந்தப் பலகையை மாற்றிவிடலாம். உழைப்பு அதிகம், ஆனால் வழி தெரிந்த வேலை. அடிப்பாகத்தில் பாதிக்கு மேல் மொத்தென்று ஒலித்தால், அல்லது உடற்கூடு கையால் அழுத்தும்போதே வளைந்தால், அந்தப் படகை வாங்க வேண்டாம். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

அடுத்த கேள்வி, எந்த ரெசின்? பட்டறைகளில் ஓயாத வாதம் இது. பாலியெஸ்டர் மலிவு, எங்கும் கிடைக்கும், படகு முதலில் கட்டப்பட்டதும் அதாலேயே. ஆனால் புதிதாக வார்க்கும்போது ஈரமான அடுக்கோடு அடுக்கு ரசாயனமாகவே இணையும். பழைய, இறுகிப்போன பரப்பின்மேல் பூசும்போது அப்படி இணையாது, வெறும் ஒட்டுதல்தான். அந்த ஒட்டுதலில் எப்பாக்சி பல மடங்கு உறுதி, நீரையும் நன்றாகத் தடுக்கும். ஆகவே என் முடிவு இது: தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே, பின்பலகையில், ஓட்டை விழுந்த இடத்தில் எப்பாக்சி. உள்தளம், இருக்கை மூடி போன்ற சுமை தாங்காத இடங்களில் பாலியெஸ்டர் போதும். எப்பாக்சி பூசிய இடத்தின்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே மேலே வண்ணம்தான் பூச வேண்டும். இன்னொரு சிக்கல், நறுக்கிய இழை மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது. எப்பாக்சியில் அது கரையாமல் மேட்டு விறைத்து நிற்கும். எப்பாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணிதான் பொருத்தம். தெர்மாகோலுக்கு மேல் பாலியெஸ்டர் ஊற்றினால் ஸ்டைரீன் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும் என்பதும் புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்டு அதிரும் செய்தி.

வேலையின் வரிசைக்கு வருவோம். முதலில் கழுவல், அதன்பின் மெழுகு அகற்றல். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய மெழுகும் பின்னாளில் மெருகுக்காகத் தேய்த்த மெழுகும் பரப்பில் தங்கியிருக்கும். உப்புத்தாளை முதலில் வைத்தால் அந்த மெழுகு கீறல்களுக்குள் அழுந்திப் போகும், வண்ணம் பிடிக்காது. கரைப்பானில் நனைத்த துணியால் ஒரு திசையில் துடைத்து, துணியைத் திருப்பித் திருப்பி மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் உப்புத்தாள்.

ஓட்டை அல்லது ஆழ்ந்த உடைவைச் சுற்றி சாய்வாகத் தேய்த்து எடுப்பது வேலையின் நெஞ்சுப் பகுதி. கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலச் சாய்வு என்பது பொதுவான விதி. 5 மில்லிமீட்டர் கனமுள்ள இடத்தில் ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீட்டர் வரை சரிவு போக வேண்டும். கைக்குட்டை அளவு ஓட்டைக்கு இவ்வளவு பெரிய இடத்தைத் தேய்க்கத் தேவையா என்று மனம் கேட்கும். ஒட்டுப்போட்ட இடத்தின் பலம் அந்தச் சரிவின் பரப்பில்தான் இருக்கிறது. உப்புத்தாள் 80ஆம் நம்பரில் தேய்த்து, தூசு தட்டி, மறுபடி துடைத்து, அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் காற்றுக் குமிழை உருளையால் வெளியேற்ற வேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட்டு என்றால் சுமார் ஒரு கிலோ ரெசின் போதும். அதைவிட அதிகம் ஊற்றினால் பலம் கூடாது, எடையும் விரிசலும் கூடும். சுனாமிக்குப் பிந்தைய மட்டமான படகுகளின் பெருங்குறையும் அதுதான்.

பாலியெஸ்டரைக் காற்று படும் இடத்தில் விட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே இருக்கும். ஆக்சிஜன் இறுகுதலைத் தடுப்பதால் அப்படி. கடைசிப் பூச்சில் மெழுகு கலந்த ரெசின் பயன்படுத்த வேண்டும். அல்லது பாலித்தீன் தாளைச் சுருக்கமில்லாமல் மேலே ஒட்டி மூட வேண்டும். பலரும் ரெசின் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்டை மேலும் மேலும் சேர்ப்பது இந்தப் பிசுபிசுப்பைக் கண்டுதான்.

கேட்டலிஸ்ட் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ரெசினின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு வரைதான் சேர்க்க வேண்டும். கூடினால் ரெசின் சூடேறிப் புகையும், உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை வரும். குறைந்தால் ஒருபோதும் முழுதாக இறுகாது. அந்தத் திரவம் கண்ணில் பட்டால் பார்வை போகும். அதையும், இறுகுதலை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். ஆக்சிலரேட்டர் கலந்தே விற்கப்படும் ரெசினை வாங்கினால் இந்தப் பயமே இல்லை. வீட்டில் செய்பவர் அதைத்தான் வாங்க வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ரெசினின் வாடை வெறும் வாடையன்று. அதிலுள்ள ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவற்றின் பட்டியலில் 2018இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இடம் உயர்த்தி வைத்தது. துணி முகக்கவசம் இதற்கு உதவாது, கரிம வாயு வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டு வராந்தாவிலோ மூடிய கார் நிறுத்துமிடத்திலோ இந்த வேலையைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். காற்றோட்டமுள்ள காலி மனை வேண்டும், அண்டை வீட்டாரின் சம்மதமும் வேண்டும். சந்தாபுராவின் குடியிருப்புத் தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அங்கே ஒருவர் வீட்டு ஸ்டைரீன் மூன்று வீடுகளின் அடுப்பங்கரைக்குள் நுழையும்.

எந்த மாதம்? கடலோரத்தில் வெயில் அளவுக்கு அதிகமாகி, கலக்கி முடிக்குமுன் ரெசின் இறுகிவிடும் தொல்லை உண்டு. இங்கே அதற்கு நேர்மாறு. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இரவுகள் குளிர்ந்தவை. டிசம்பர், ஜனவரி மாலையில் வைத்த அடுக்கு மறுநாள் காலையிலும் மெதுவாக இறுகிக்கொண்டிருக்கும். ஜூனிலிருந்து அக்டோபர்வரை காற்றில் ஈரம் கூடுதல். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் மழை தார்ப்பாயையும் ஏமாற்றும். ஆகவே பிப்ரவரியும் மார்ச்சும்தான் நல்ல மாதங்கள். ஏப்ரலின் மாங்காய் மழைக்குமுன் பைபர் வேலையை முடித்துவிட வேண்டும். கொப்புளமுள்ள படகு அதற்கு முன்பே, நவம்பர் கடைசியிலேயே திறந்து கழுவப்பட்டு உலரத் தொடங்கியிருக்க வேண்டும். நல்ல தண்ணீரால் கழுவிக் கழுவிப் புளிப்பை நீக்கி, நிழலில் வாரக்கணக்கில் உலர்த்தினால்தான் உள்ளீரம் வெளியேறும். பொறுமை இல்லாதவர்கள் இந்த நிலையில்தான் தோற்கிறார்கள்.

வண்ணம் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. மேற்பரப்பு சரியாக இருந்தால் எந்த வண்ணமும் நன்றாகவே இருக்கும். கடைத்தெருவில் கிடைக்கும் சிந்தெடிக் எனாமல் மலிவு. நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று ஆண்டு தாங்கும், கீழே தாங்காது. இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எப்பாக்சி பிரைமரும் அதன்மேல் பாலியூரிதேனும் நீண்ட நாள் நிற்கும். ஆனால் அந்தப் பாலியூரிதேனின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே துப்பாக்கியால் தெளித்தால் நுரையீரலுக்குக் கேடு. வீட்டில் ரோலரும் பிரஷும் போதும். ஒருவர் ரோலரால் மெல்லியதாகப் பரப்ப, பின்னாலேயே இன்னொருவர் பிரஷின் நுனியால் இழுத்துவிட்டால் கண்ணாடிபோல் சமப்படும். உப்புத்தாள் 220, 320, 400 என்று நம்பர் கூட்டிக்கொண்டே போய், நடுவில் வாட்டர் பேப்பரால் தேய்த்து, கடைசிப் பூச்சை நண்பகலுக்குள் முடிக்க வேண்டும். மாலைப் பனி விழுந்தால் மினுமினுப்பு மங்கிவிடும். வெளிர் நிறம் நல்லது. கருநீலமோ கறுப்போ வெயிலில் சூடேறி உள் இழைகளின் அச்சை மேலே காட்டிவிடும். தண்ணீரிலேயே நிரந்தரமாகக் கட்டி வைக்காத படகுக்குச் சிப்பி தடுக்கும் வண்ணம் தேவையில்லை.

இப்போது, வழக்கமாக யாரும் பேசாத பகுதி. தேய்க்கும்போது வரும் தூள் எங்கே போகிறது? சந்தாபுரா ஏரி மாசுபட்டதற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இங்குள்ள ஏரிகள் தென்பெண்ணையின் மேல்வடிநிலத்தைச் சேர்ந்தவை. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை ஒவ்வோராண்டும் செய்திகளில் பார்க்கிறோம். பெங்களூரிலிருந்து வரும் கழிவு ஆற்றோடு தமிழ்நாட்டு வயலுக்குப் போகிறது. இந்த நிலையில், படகுத் தூளைத் தெருச் சாக்கடையில் கழுவித் தள்ளுவது கீழே உழும் ஒருவரின் மண்ணில் கண்ணாடி தூவுவதற்குச் சமம். மிகைப்படுத்தவில்லை. 2024இல் பிரைட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் சிச்செஸ்டர் துறைமுகத்து ஆளிகளில் கிலோவுக்கு அதிகபட்சமாக 11,000க்கும் மேற்பட்ட கண்ணாடி இழைத் துகள்கள் இருப்பதைக் கண்டார்கள். படகுப் பழுது வேலையும் கைவிடப்பட்ட படகுகளும் அங்கே சுட்டப்பட்ட காரணங்கள்.

வழி இருக்கிறது. உலர்தேய்ப்பில் தூசு உறிஞ்சும் இயந்திரத்தைக் கருவியோடு இணைக்கலாம். நீர் விட்டுத் தேய்த்தால் கீழே பாலித்தீன் விரித்து, அந்தச் சேற்றை வாளியில் தெளியவைத்து, உலர்த்தி மூட்டை கட்டலாம். மீந்த ரெசினைத் திரவமாக ஊற்றாமல் சிறு அளவாக இறுகவைத்த பிறகே கழிக்க வேண்டும். கரைப்பான் நனைந்த துணியைத் தனியே வெளியில் விரித்து உலர்த்த வேண்டும், குவித்து வைத்தால் தீப்பற்றலாம்.

வேலை முடிந்ததும் படகில் யார் ஏறுவது என்ற கேள்வி வருகிறது. எஞ்சின் பூட்டிய படகு 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்கீழ் பதிவும் சான்றும் பெற வேண்டும். இதைத் தட்டிக் கழிக்க யாரும் நினைக்கக் கூடாது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைக் குடித்த படகு, சுற்றுலாவுக்காக மாற்றி அமைக்கப்பட்ட பழைய மீன்பிடிப் படகு. அழகாக வண்ணம் பூசி, மேல்தளம் ஏற்றி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றினார்கள். வீட்டில் சீராக்கிய படகில் மேல்தளம் எழுப்புவதும், முன்னிருந்த வடிவத்தை மாற்றுவதும், கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவதும் கூடவே கூடாது. குடும்பத்தார் ஏறுவதானாலும் ஒவ்வொருவருக்கும் மிதவைக் கஞ்சுகம் வேண்டும். முதல் முறை கரையோரம், ஆழம் குறைந்த இடத்தில், சுமையில்லாமல் மிதக்கவிட்டுக் கசிவு பார்க்க வேண்டும்.

மீட்க முடியாத படகுகள் என்னாகும்? மரம் மட்கிப் போகும், இரும்பை உருக்கிவிடலாம். பைபருக்கு இரண்டும் இல்லை. ஜப்பான் 2005இலிருந்தே பழைய பைபர் படகைத் திரும்பப் பெற்று நொறுக்கிச் சிமென்ட் உலைக்கு அனுப்பும் அமைப்பை நடத்துகிறது. பிரான்சில் 2019இலிருந்து படகு விற்பனையோடு சேர்த்துத் தொகை வசூலித்து, கழிந்த படகுகளைப் பிரித்தெடுக்கிறார்கள். நம் கடற்கரைகளில் அவை கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன, அல்லது எரிக்கப்படுகின்றன. அந்தப் புகையை மூச்சில் வாங்குவது அருகில் வாழும் மீனவக் குடும்பங்கள்தான்.

ஒரு படகைச் சீராக்கி இன்னும் பதினைந்து ஆண்டு ஓடவைப்பவர், ஒரு கழிவைப் பதினைந்து ஆண்டு தள்ளிப்போடுகிறார். அதனால் வீட்டுப் பழுதுபார்ப்பை ஊக்குவிக்கவே வேண்டும். ஆனால் அதற்கு ஒரு துணையும் தேவை. சந்தாபுரா நகராட்சியும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து, கண்ணாடி இழைத் தூளையும் உடைசல்களையும் தனியே வாங்கிக்கொள்ளும் இடம் ஒன்றைப் பொம்மசந்திரா அல்லது ஜிகணித் தொழிற்பேட்டையில் ஏற்படுத்தலாம். அங்கிருந்து சிமென்ட் உலைக்கு அனுப்பலாம். பட்டறைகளும் அதில் பயன்பெறும். அதுவரை, படகு வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: தேய்த்த தூளை மூட்டை கட்டி வையுங்கள். ஒரு பிடிகூடச் சாக்கடைக்குப் போகவிடாதீர்கள்.